அடுத்தவன் நெரையில் கை வைத்த நாள்

‘பாதுகாப்பு’ என்று யாராவது மைக்கில் ஆரம்பித்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அந்தச் சொல் ஒரு பாவமும் செய்யவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள் மேடையில் நின்று உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்து தொலைத்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என்ன போட்டி என்று கேட்பீர்கள். கல்லூரிக்கு ஒரு அணி, அணிக்கு மூன்று பேர். உலக நாடுகளுக்கு நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு பாதுகாப்புப் பிரச்சினையைக் கொடுப்பார்கள். கடல் வழியோ, அணு ஆயுதமோ, இணையத் தாக்குதலோ, எது வேண்டுமானாலும் வரும். அதைப் படித்து, அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கொள்கை எழுதி, திரையில் படம் போட்டு நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். பேசி முடித்ததும் கேள்வி கேட்பார்கள். முதல் சுற்று பாலக்காட்டில், நான் படித்த கல்லூரியிலேயே நடந்தது. இறுதிச் சுற்று எர்ணாகுளத்தில். ஜெயிக்கிற அணி டெல்லியில் ஒரு ஆய்வு மையத்தில் கோடை விடுமுறை முழுக்க வேலை பழகலாம், செலவெல்லாம் அவர்களுடையது.

அந்த டெல்லி எனக்கு வேண்டியிருந்தது. சும்மா பேருக்குச் சொல்லவில்லை, வெறியாக வேண்டியிருந்தது. தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுக்கிறாள், அப்பா ஃபேக்டரியில் இருக்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்தால் நர்ஸ் ஆவார்கள், இல்லாவிட்டால் மூணாறு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் நிற்பார்கள். நான் அரசியல் பாடம் எடுத்துப் பாலக்காட்டுக்குப் போகிறேன் என்றதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்த கையோடு ஊர்க்காரர்கள், “அதப் படிச்சு என்னத்தடி கிழிக்கப் போற?” என்று கேட்டார்கள். எதையாவது கிழித்துக் காட்டியே தீருவது என்று இருந்தேன். அதையும் என் மூளையால் செய்ய வேண்டும். ஐயோ பாவம் என்று எவனும் என்னைத் தூக்கிவிடக் கூடாது.

எங்கள் அணித் தலைவன் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்காரன். ஆங்கிலம் அவன் வாயில் அப்படியே வழியும், அதை ஒத்துக்கொள்கிறேன். தமிழில் பேசினால் அவர்கள் வீட்டுப் பழைய தமிழ் வரும். இன்னொருத்தி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண், தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை, கோயம்புத்தூர்த் தமிழ். திரையில் போடுகிற படங்களைச் செய்வது அவள் வேலை. எங்களுக்கு வந்த தலைப்பு, வேலைக்காக எல்லை தாண்டி வருகிற தொழிலாளர்களும் நாட்டின் பாதுகாப்பும்.

தலைப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இது என் தலைப்பு. அடுத்த இரண்டு வாரம் நூலகத்திலேயே கிடந்தேன். வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவனின் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். காகிதம் இல்லாதவன் போலீஸைக் கண்டால் ஓடுகிறான். ஓடுகிறவனைத்தான் கடத்தல்காரன் பிடிக்கிறான். அதனால் காகிதம் தொழிலாளி கையிலேயே இருக்க வேண்டும், பதிவு செய்கிற வேலையைப் போலீஸிடம் கொடுக்காமல் தொழிலாளர் துறையிடம் கொடுக்க வேண்டும், அவன் பயப்படாமல் வந்து புகார் சொல்ல ஒரு வழி வேண்டும். அப்படிச் செய்தால் நாட்டுக்கும் பாதுகாப்பு, அவனுக்கும் பாதுகாப்பு. கொள்கைப் பகுதி முழுக்க நான் எழுதினேன். ஒரு வரியை அவன் எழுதினான் என்று சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும்.

எழுதிக் கொடுத்ததை அவன் படித்தான். “நன்னா இருக்கு, கேட்டியா? இதை நான் பேசறேன்” என்றான்.

“எழுதுனது நான். நாந்தான் பேசுவேன்.”

“உன் இங்கிலீஷ்ல எஸ்டேட் வாடை அடிக்கறது. தப்பா எடுத்துக்காதே. நீ உன் கதையைச் சொன்னாப் போறும். அந்த செக்போஸ்ட் கதை. ஜட்ஜெல்லாம் உருகிடுவா.”

செக்போஸ்ட் கதை என்று அவன் சொன்னது என் மாமா சாவு. அம்மாவின் அண்ணன். கொரோனா அடைப்பில் மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், செத்துப்போனார். நானும் அம்மாவும் செக்போஸ்ட் வரைக்கும் போய், பாஸ் இல்லை என்று திரும்பி வந்தோம். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் கேன்டீனில் வாய் தவறி இவர்களிடம் அதைச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அணிக்குப் பொறுப்பான டீச்சரிடம் போனேன். மலையாளத்தையும் தமிழையும் கலந்து இனிக்க இனிக்கப் பேசுவார். “மோளே, டீம் என்றால் ஒரு லீடர் வேணும். நீ உன் பாகத்தை பங்கியாய், அழகாய்ச் செய். மற்றதெல்லாம் அவன் நோக்கட்டும்” என்றார். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு டெல்லி வேண்டும், வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுற்றில் நான் ஏன் ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன் என்று உங்களுக்குப் புரியாது. எஸ்டேட்டில் காலையில் பெரட்டு உண்டு. எல்லோரும் கூடி நிற்பார்கள், சூப்பர்வைசர் பேர் வாசிப்பார், “இருக்கேன்” என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அப்புறம் ஆளுக்கு ஒரு நெரை பிரித்துக் கொடுப்பார். நெரை என்றால் தேயிலைச் செடி வரிசை. உனக்குக் கொடுத்த நெரையில் மட்டும்தான் உன் கை போக வேண்டும். பக்கத்து நெரையில் கொழுந்து தளதளவென்று நின்றாலும் தொடக் கூடாது. தொட்டால் மலையில் ஆரம்பிக்கிற சண்டை தண்ணிக் குழாயடி வரைக்கும் வரும், ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். என் அம்மா ஒருத்தியோடு இந்தக் காரணத்துக்காக வருஷக்கணக்காகப் பேசுவதில்லை, அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். நீ இதைப் பேசு, நான் அதைப் பேசுகிறேன் என்று பிரித்துவிட்டால், அவன் இடம் எனக்கு அடுத்தவன் நெரை. தெரிந்தாலும் கை வைக்க மாட்டேன்.

முதல் சுற்றில் என் பங்கை நான் சொன்னேன். தண்ணீர் கலக்காமல், ஒப்பாரி வைக்காமல், நடந்ததை நடந்த மாதிரி சொன்னேன். அடுத்து அவன் என் கொள்கையை அவன் குரலில் அழகாகச் சொன்னான். அப்புறம் கேள்வி. நடுவர்களில் ஒருவர் எல்லையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதிகாரி. “இந்தத் தொழிலாளிகளில் ஒருவன் கெட்டவனாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கேள்வி அவன் பகுதியில் வந்தது, அவன் சொல்வான் என்று நின்றேன். அவன் ஒரு வினாடி அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கூசாமல் சொன்னான்: வந்தவர்கள் எல்லோரும் மாதா மாதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளை முன்னறிவிப்பு இல்லாமல் சோதனை போட வேண்டும், அதுதான் எங்கள் அணியின் பரிந்துரை.

எங்கள் அணியின் பரிந்துரையாம்! நான் எழுதியதைத் தலைகீழாக்கி, என் பேரிலேயே சொல்கிறான். வாயைத் திறக்கப் போனேன். அவன் நெரை என்று உள்ளே ஏதோ என்னைப் பிடித்து நிறுத்தியது. பாலக்காட்டில் எவனுக்கும் நெரை என்றால் என்னவென்று தெரியாது, அவனுக்கும் தெரியாது, நான் மட்டும் மலையில் நிற்கிற மாதிரி நின்றேன். அதிகாரி பலமாகத் தலையாட்டினார். எங்களுக்குத்தான் முதல் பரிசு.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்தேன். “ஏன் அப்பிடிச் சொன்ன?”

“ஜட்ஜ் யாருன்னு பாக்க வேண்டாமோ? அவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் சொன்னேன். ஜெயிச்சாச்சோல்லியோ?”

“வரிசை வீடுன்னா லயம். எங்க ஆளுக இருக்கற வீடு.”

“உங்க ஆளா? இது வேற தேசத்துலேந்து வரவாளைப் பத்தி. நோக்கென்ன வந்தது?”

“செக்போஸ்ட்ல எங்களையும் வேற தேசத்துக்காரங்க மாதிரிதான் நிறுத்துனாங்க.”

“அதைச் சொன்னியே, அப்போ கொஞ்சம் அழுதிருக்கலாம்” என்றான். “எர்ணாகுளத்துல அழு. நன்னா எடுபடும்.”

கையில் தண்ணி பாட்டில் இருந்தது. அவன் தலையில் கவிழ்க்காமல் வந்தேன் பாருங்கள், அதற்கே எனக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். டீச்சர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார், நான் தொடவில்லை.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் இருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஏதாவது தேவை என்றால் கொழிஞ்சாம்பாறைக்காரி வழியாகத்தான் வரும். அவள் பாவம், இரண்டு பக்கமும் ஓடினாள். ஆனால் கொள்கையில் ஒரு காரியம் நடந்தது. நான் டீச்சரிடம் போய், நான் எழுதியது எழுதியபடி வராவிட்டால் அணியை விட்டு விலகுகிறேன் என்று சொன்னேன். கடைசி நேரத்தில் செக்போஸ்ட் கதைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? டீச்சர் அவனைக் கூப்பிட்டு, எழுதியபடியே பேசு என்றார். சரி மேடம் என்றான். நான் நம்பினேன்.

எர்ணாகுளத்துக்கு ரயிலில் போகும்போது கொழிஞ்சாம்பாறைக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஏம்புள்ள, அவன் ராவோட ராவா என்னமோ படம் மாத்தியிருக்கான். எனக்கே காட்ட மாட்டீங்கறான். லேப்டாப்ப மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கான் பாரு” என்றாள்.

“என்ன படம்?”

“தெரீல. உன்னையத்தான் ஓரக்கண்ணுல பாத்துட்டே இருக்கான்.”

அரங்கம் குளிர்பதனம் போட்டுக் கிடந்தது. ஆரம்பிக்கும் முன்னால் ஒருவர் விதிமுறை வாசித்தார். ஒருவர் பகுதியில் இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, பேசினால் ஒருங்கிணைப்புக்கான மதிப்பெண் மொத்தமும் போய்விடும். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். இங்கேயும் நெரை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேசினேன். அழவில்லை. உட்காராமல் ஓரமாக நின்றேன், மூன்று பேரும் மேடையிலேயே நிற்க வேண்டும். அவன் முன்னால் வந்தான், கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினான்.

திரை முழுக்க என் அம்மா.

மழையில், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் துண்டு போட்டு, கையில் கொழுந்து வெட்டுகிற கத்திரியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் எடுத்த படம். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ‘எங்கம்மா’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்த எழுத்தை அவன் வெட்டியிருந்தான். அந்த இடத்தில், கண்காணிப்பு தேவைப்படும் எல்லையோர மக்கள் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவன் அந்த வரியை வாசித்துவிட்டு, போலீஸ் கையெழுத்து, திடீர்ச் சோதனை என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். பாலக்காட்டில் ஜெயித்த சரக்கு அல்லவா!

பேசாமல் நின்றால் டெல்லி. அது நன்றாகவே தெரிந்தது. நடுவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், அவனும் சும்மா சொல்லக் கூடாது, ஜோராகப் பேசிக்கொண்டிருந்தான். நான் போய் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன்.

“இந்தப் படத்தில் இருப்பது என் அம்மா” என்று சொல்லி, அவள் பேரைச் சொன்னேன். முழுப் பேரையும் சொன்னேன். இதில் நான் யார் பேரையும் எழுதவில்லை, அவள் பேரையும் எழுதப்போவதில்லை. அன்றைக்கு உரக்கச் சொல்லிவிட்டேன், அது போதும். “இவரைக் கேட்காமல் இந்தப் படத்தை வைத்திருக்கிறார்கள். இவரைக் கண்காணிக்கச் சொல்லி எங்கள் கொள்கையில் ஒரு வரியும் கிடையாது. அதை எழுதியவள் நான். எழுதியதைச் சொல்கிறேன்.”

சொன்னேன். காகிதம் யார் கையில் இருக்க வேண்டும், எந்தத் துறை பதிவு செய்ய வேண்டும், பயந்து ஓடுகிறவனால் நாட்டுக்கு என்ன கெடுதல், எல்லாவற்றையும் எஸ்டேட் வாடை அடிக்கிற ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் மணி அடித்தார்கள். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது மணிக்கு மைக்கை அணைத்தார்கள், வெறும் தொண்டையில் முடித்தேன். பின்னால் திரையில் அம்மா அப்படியே நின்றாள், படத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

முடிவு என்னவென்று சொல்லவே வேண்டாம். ஒருங்கிணைப்புக்கு ஒன்றும் இல்லை, நாங்கள் கடைசி.

வெளியே வராந்தாவில் நடுவர்களில் ஒரு அம்மையார் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கதை மனதைத் தொட்டுவிட்டது, நீங்கள் இதையெல்லாம் எழுத வேண்டும் என்றார். “நான் கடைசியில் கதை சொல்லவில்லை மேடம், கொள்கை சொன்னேன். அதில் ஏதாவது தப்பு இருந்ததா?” என்று கேட்டேன். அவர் கையை விட்டுவிட்டு, நல்லா வருவீர்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி வந்தான். முகம் சிவந்து கிடந்தது. “உன்னால டெல்லி போச்சு. நோக்கு நன்றியே கிடையாதா? உன்னை டீம்ல சேத்ததே நான்.”

“எதுக்குச் சேத்தன்னுதான் திரையில பாத்தேனே.”

“ஒரு போட்டோக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அதுல மூஞ்சியே சரியாத் தெரியலை.”

“அப்ப உங்க அம்மா போட்டோவ வச்சிருக்க வேண்டியதுதான?”

“ஏய்! எங்கம்மாவை எதுக்குடி இழுக்கறே?” என்று கையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டான். டீச்சர் நடுவில் புகுந்து தடுத்தார். பார்த்தீர்களா? அவன் அம்மாவைப் பேச்சில் தொட்டாலே கை ஓங்குகிறது. என் அம்மாவை அரங்கம் முழுக்கக் காட்டியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவனோடு அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு அவன் எதிரில் வந்தாலும் பேச மாட்டேன். மன்னிக்கிற மனசெல்லாம் எனக்குக் கிடையாது, இருக்கிற மாதிரி நடிக்கவும் வராது.

“போச்சாது உடு புள்ள” என்றாள் கொழிஞ்சாம்பாறைக்காரி. டெல்லி போனதில் அவளுக்கும் நஷ்டம்தான், என்னைத் திட்ட அவளுக்கு உரிமை இருந்தது. திட்டாமல் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

பிளாட்பாரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டியிருப்பாள், பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“ஜெயிச்சிட்டியாடி?”

“இல்லம்மா. அந்தப் பையன் பேசுற எடத்துல நான் குறுக்க பூந்து பேசிட்டேன். மார்க்கப் பிடிச்சிட்டாங்க.”

“அடுத்தவன் நெரையில எதுக்குடி கைய வச்ச?” என்று ஒரு கத்துக் கத்தினாள். “இதத்தான் படிக்கப் போனியா? ஊருக்கெல்லாம் டில்லி டில்லின்னு சொல்லி வச்சிருக்கேன், குழாயடியில நாளைக்கு என்னான்னு சொல்லுவேன்?”

“உன் போட்டோவப் போட்டிருந்தாம்மா. என்னையக் கேக்காம.”

குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. “எந்தப் போட்டோ?”

“மழையில படங்கு கட்டிக்கிட்டு நிப்பியே, அது.”

“அட நாசமாப் போறவனே, அதுல தலை கூடச் சீவலையே! எம்புட்டு பேரு பாத்தாங்க?”

“ஹால் நெறைய ஆளு.”

“பேரு போட்டிருந்தானா?”

“இல்லம்மா.”

“பேரு போடாமயா?” அவள் குரல் மாறிவிட்டது. தலை சீவாததற்குத் திட்டிய குரல் இல்லை அது. “ஆருன்னே சொல்லாம, சும்மா என்னைய நிக்க வச்சிருந்தானா?”

“நான் சொன்னேன்மா. அதுக்குத்தான் பூந்தேன். மைக்குல உன் பேரச் சொன்னேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

டெல்லி ரயிலுக்கு என்னமோ அறிவிப்பு ஓடியது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

“எப்பிடிச் சொன்ன?” என்றாள். “சொல்லு, கேப்போம்.”

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, மேடையில் சொன்ன அதே சத்தத்தில் அம்மாவின் பேரைச் சொன்னேன். காப்பி விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து, காலையில் பெரட்டில் கொடுக்கிற அதே குரலில், “இருக்கேன்” என்றாள் அம்மா.